சைக்கிளில் கிழக்கே, ரயிலில் மேற்கே: காவிரிக் கரைப் பயணம் செய்வது எப்படி?

டெல்டாவில் முதன்முறையாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா? போக, வர இரண்டையும் மிதிக்க வேண்டாம். கல்லணையிலிருந்து திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை ஆறு போகும் போக்கில் மிதியுங்கள். திரும்புவதை ரயிலிடம் விட்டுவிடுங்கள்.

நிலம் கடலை நோக்கிச் சரிவதெல்லாம் காலுக்குத் தெரியாது. தெரிவது காற்றுதான். ஆனி, ஆடியில் மேல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். அதையே எதிர்த்து மிதித்தால் நாக்கு தள்ளிவிடும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்த ஆண்டு என்றால் ஆற்றில் தண்ணீரும் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆற்றங்கரைச் சாலை சேறாகிவிடும். அப்போது வேண்டாம்.

எந்த ரயில்?

பூம்புகாரில் ரயில் கிடையாது. சுமார் 24 கி.மீ. மேற்கே மயிலாடுதுறைக்கு வர வேண்டும். எதிர்காற்றில் மிதிப்பது இந்த ஒரு துண்டு மட்டும்தான்; விடிகாலையில், காற்று வலுக்கும் முன் கிளம்பிவிடுங்கள்.

என் தேர்வு, மயிலாடுதுறையில் புறப்படும் கோவை ஜன் சதாப்தி. மதியத்துக்கு மேல் கிளம்பும் பகல் வண்டி. புறப்படும் நிலையத்திலேயே சைக்கிளை ஏற்றினால் அவசரமில்லை. திருச்சியில் இறங்கிவிடலாம், ஆனால் காட்சியின் நல்ல பாதி அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

பார்சல் ஆபீஸ்

பூம்புகாருக்குப் போகும்போது மயிலாடுதுறையைத் தாண்டித்தான் போவீர்கள். அப்போதே பார்சல் ஆபீசில் நுழைந்து, இந்த வண்டியின் பிரேக் வேனில் (சாமான் ஏற்றும் பெட்டி) சைக்கிள் ஏற்ற முடியுமா, நீங்கள் இறங்கும் நிலையத்தில் இறக்குவார்களா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் நிற்கும் ஊர்களில் இறக்க நேரமிருக்காது. முடியாது என்றால் வேறு வண்டி பார்க்க ஒரு நாள் கையில் இருக்கும்.

சொல்லும்போது, "சார், லக்கேஜா போடணும், என்கூட இதே வண்டில வரணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பார்சலாகப் பதிந்தால் சைக்கிள் வேறு வண்டியில் வரக்கூடும். பயண டிக்கெட்டும் அடையாள அட்டை நகலும் வேண்டும். டிக்கெட்டோடு வரும் இலவச எடையில் சைக்கிள் சேராது. தனிக் கட்டணம் உண்டு. அரை மணிக்கு முன்பாவது கொடுக்க வேண்டும் என்பது விதி. புதியவர்கள் இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுவது நல்லது.

கட்டுவது

பாட்டில், விளக்கு, பம்பு, பைகள் எல்லாம் கழற்றி உங்களோடு வரட்டும். பெடல்களைக் கழற்ற பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பானர் போதும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள்: இடது பெடலின் மரை தலைகீழ். வலதை இடஞ்சுழியாகவும் இடதை வலஞ்சுழியாகவும் திருப்ப வேண்டும். நாலு தட்டு தட்டி, பலத்தைக் காட்டி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஹேண்டில்பாரைத் தளர்த்தி ஃபிரேமுக்கு இணையாகத் திருப்புங்கள். பின்சக்கரத்துப் பக்கம் கியர் மாற்றும் டெரெய்லர்தான் முதலில் அடி வாங்கும். அட்டை வைத்துக் கட்டி, மேலே சாக்கு சுற்றிச் சணலால் இறுக்குங்கள். பெயர், கைபேசி எண், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் ஆகியவற்றை இரண்டு இடத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒன்று கிழிந்தாலும் மற்றது இருக்கும்.

எந்தப் பக்கம் உட்காருவது?

வண்டி போகும் திசையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம். தஞ்சாவூர் வரை இரு பக்கமும் வயல்தான். ஆடுதுறை வந்தால் நிமிர்ந்து பாருங்கள், ஆடுதுறை 43 போன்ற நெல் ரகங்களுக்குப் பெயர் கொடுத்த ஊர். திருச்சி கோட்டை நிலையம் தாண்டியதும் காவிரி வலப்பக்கம் சேர்ந்துகொள்ளும். பேட்டைவாய்த்தலை, குளித்தலை, மாயனூர் என்று வாழைத் தோப்புக்குள் ஒளிந்தும் வெளிப்பட்டும் கூடவே வரும். மாலை வெயில் அதன் மேல் விழும் நேரம் இது. தூங்கிவிடாதீர்கள்! கரூருக்கு அப்புறம், ஆறு வடக்கேயிருந்து வந்து கிழக்கே திரும்பும் இடத்தில் கொடுமுடி. வெளிச்சம் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம்.

இறங்கியதும்

நேராக பிரேக் வேனுக்குப் போங்கள், டீ பிறகு. ரசீதைக் காட்டி, கையெழுத்துப் போடும் முன் சாக்கைப் பிரித்து டெரெய்லர் வளைந்திருக்கிறதா, சக்கரம் தடங்கலில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். எடுக்காமல் விட்டுவைத்தால் அதற்கும் தனிக் கட்டணம் போடுவார்கள்.