சீசன் குழம்பிப்போனால் அணியைக் கலையாமல் வைத்திருப்பது

கொரோனா போல ஒன்று வந்து பாடசாலைக் கூடைப்பந்துப் போட்டிகள் தள்ளிப்போனால், முதலில் போட்டி அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். 'அடுத்த மாதம் மாகாண மட்டம்' என்று சொல்லி, அது தள்ளிப்போய், இன்னொரு திகதி சொல்லி அதுவும் போனால், அதன்பிறகு நீங்கள் சொல்வதை ஒருவனும் காதில் வாங்க மாட்டான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது திருகோணமலையில் என் அணிப் பிள்ளைகளுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்கே மெட்ச் என்றால் ஐந்து பேர் இறங்க வேணும்."

அந்த ஐந்து பேர் கையில் இருப்பதற்குத்தான் இவ்வளவு பாடும். பயிற்சிக்கு அனுமதி கிடைத்ததும், நன்றாக ஆடும் ஐவரை ஒரு குழுவாகவும் மிச்சப் பேரை இன்னொரு குழுவாகவும் பிரிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். கொரோனாக் காலத்தில் ஒருவனுக்குத் தொற்று என்றால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து அவனோடு நின்ற எல்லோரையும் வீட்டில் இருத்தினார். முதல் ஐவரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பொயின்ட் கார்ட் இருவரையும் வேறு வேறு குழுவில் போடுங்கள், உயரமான பிள்ளைகளையும் அப்படியே. ஒரு குழுவுக்குத் திங்கள், புதன். மற்றதற்குச் செவ்வாய், வியாழன். ஆனால் அண்ணன் தம்பிமாரையும், ஒரே ஓட்டோவில் வருகிறவர்களையும் பிரிக்க வேண்டாம். வீட்டிலும் வழியிலும் ஒன்றாக இருப்பவர்களைக் கோர்ட்டில் மட்டும் பிரித்து என்ன பயன்?

அமெரிக்கக் கல்லூரிக்காரர்களுக்கு வசதிக்கு என்ன குறை? 2021இல் ஆண்கள் தேசியத் தொடர் முழுவதையும் இந்தியானா மாநிலத்துக்குள்ளேயே நடத்தினார்கள். வீரர்களை ஹோட்டலில் இருத்தி நாள்தோறும் பரிசோதித்தார்கள். அப்படியிருந்தும் மார்ச் 20 அன்று வர்ஜீனியா கொமன்வெல்த் பல்கலைக்கழக அணி ஒரேகனோடு ஆட வேண்டிய ஆட்டம், அந்த அணிக்குள் தொற்று கண்டதால், தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது ரத்தானது. தோற்காமலேயே பெட்டி கட்டினார்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு சூம் வேண்டாம். ஒரு வீட்டில் ஒரு போன், அதிலும் தங்கச்சிக்கு ஒன்லைன் வகுப்பு. வாட்ஸ்அப்பில் 30 செக்கன் வீடியோ போதும்: இடக்கையால் பந்து தட்ட வேண்டும், கண் பந்தைப் பார்க்கக் கூடாது. பந்து இல்லாத பிள்ளைக்குப் பாடசாலைப் பந்தைக் கொடுங்கள். களஞ்சிய அறையில் காற்றுப்போய்க் கிடந்து யாருக்கு லாபம்? அதிபரிடம் கையெழுத்து வாங்கி, பந்தில் மார்க்கரால் பெயர் எழுதிவிட்டால் சரி. மணல் முற்றத்தில் பந்து எழும்பாது. அந்த வீட்டுப் பிள்ளை சுவரில் பாஸ் அடிக்கட்டும், மணலில் துள்ளட்டும். தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கியவனிடம் வீடியோ கேட்டு நச்சரிக்காதீர்கள். வலை இழுக்கிறவனுக்குத் தோள் பயிற்சி நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

திரும்பி வந்ததும் முழுக் கோர்ட்டில் ஓட விடாதீர்கள். வீட்டில் இருந்த கணுக்காலும் முழங்காலும் திடீர்த் துள்ளலைத் தாங்காது. மூன்றுக்கு மூன்று ஆடுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்த்த அதே ஆட்டம்தான்: அரைக் கோர்ட், ஒரு கூடை, 10 நிமிடம் அல்லது 21 புள்ளி. ஆள் குறைவென்றாலும் நடத்தலாம். தொற்று வந்து மாறிய பிள்ளை வைத்தியரின் சொல் இல்லாமல் ஓடக் கூடாது. நெஞ்சு நோ, படபடப்பு, மூச்சு வாங்கல் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கச்சான் என்னும் வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் வெயில் தாழ்ந்த பிறகுதான் பயிற்சி.

கடைசி வருடப் பிள்ளைகள்தான் பெரிய கவலை. அமெரிக்கக் கல்லூரிகளில் 2020-21இல் ஆடியவர்களுக்கு ஒரு வருடம் கூடுதலாக ஆட அனுமதி கொடுத்தார்கள். இங்கே 2020இல் உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட்டிலிருந்து ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது, பிள்ளைகளின் வயது அதற்காக நிற்கவில்லை. அதனால் இரு குழுவும் சேரலாம் என்று அனுமதி வந்த முதல் கிழமையே, மாரி மழைக்கு முன், அவர்களுக்காக ஒரு ஆட்டம் வையுங்கள். பயிற்சி ஆட்டம் மாதிரி இல்லை: ஜேர்சி, விசில், வெளியாள் ஒருவர் நடுவர், ஐந்து பவுல் என்றால் வெளியே. பெற்றோர் வேலிக்கு அப்பால் தள்ளித் தள்ளி நின்று பார்க்கட்டும். ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டு, மூலத்தைப் பாடசாலைக் கோப்பில் போடுங்கள். பிறகு விளையாட்டுச் சான்றிதழ் கேட்டு வரும்போது அதைத்தான் தேடுவோம்.