நெல்லுல இலைச்சுருட்டுப் புழுவா? மருந்து வாங்குறதுக்கு முன்னாடி சுருளைப் பிரிச்சுப் பாருங்க

நடவு முடிஞ்சு ஒரு மாசம் ஆனதும் வயல்ல அங்கங்க இலையெல்லாம் வெள்ளக்கோடு விழுந்து நிக்கும், வரப்புலேர்ந்து பாத்தா பயிரே போச்சுன்னு தோணும், உடனே மருந்துக்கடைக்கு ஓடாதீங்க. வயல்ல இறங்கி நீளவாக்குல மடிஞ்ச இலை ஒண்ண மெதுவா பிரிங்க. புழு இலையோட ரெண்டு ஓரத்தையும் தன் வாயிலேர்ந்து வர்ற நூலால இழுத்துத் தைச்சிட்டு உள்ளயே உக்காந்து பச்சையத்த மட்டும் சுரண்டித் திங்குது, அந்தச் சுரண்டுன தடம்தான் வெள்ளக்கோடு. பச்சையா மெலிசா இருக்கும், விரல் பட்டதும் துள்ளி நெளிஞ்சு கீழ விழும். உள்ள வெறும் எச்சம்தான் கெடக்குதுன்னா ஆள் அடுத்த இலைக்குப் போயாச்சு. ஒரே புழு நாலஞ்சு இலைய மடிக்கும், அதனால வெள்ள இலை எவ்வளவோ அவ்வளவு புழு இருக்குன்னு பயப்பட வேணாம்.

அடுத்து எண்ணணும். வயல் முழுக்க பரவலா பத்து குத்து (ஒரே இடத்துல சேந்து நிக்கிற நெல்லுத்தூர்) எடுத்து, மொத்த இலை எத்தனை, சேதமான இலை எத்தனைன்னு பாருங்க. தூர் கட்டுற (பக்கக் கிளை விடுற) பருவத்துல 10 சதவீதம் தாண்டுனாதான் மருந்து. இளம்பயிர் புது இலை விட்டு சமாளிச்சுக்கும், நடவு நட்ட 30 நாளைக்குள்ள இதுக்குன்னு மருந்தடிக்கிறது பெரும்பாலும் வீண் செலவுதான். ஆனா கதிர் வர்ற நேரத்துல கண்ணாடி இலையில (கதிருக்குக் கீழ இருக்குற கடைசி இலை) 5 சதவீதம் சேதம் வந்தாலே விடக்கூடாது, மணிக்குப் பால் ஏத்துறதே அந்த இலைதான்.

வயல்ல தண்ணி நிக்கும்போது ரெண்டு பேர் ஆளுக்கொரு வரப்புல நின்னு கயித்த பயிர் மேல உரசுற மாதிரி இழுத்துட்டுப் போங்க, திரும்ப எதிர்ப்பக்கமா ஒரு தடவ. சுருள் பிரிஞ்சு புழு தண்ணியில விழும். பாக்டீரியா இலைக்கருகல் இருந்தா மட்டும் இத செய்யாதீங்க, காயம் வழியா நோய் பரவிடும்.

பயிருக்குள்ள நடந்தா மஞ்சளா, இறக்கையில கருப்பா வளைஞ்ச கோடு போட்ட சின்ன அந்துப்பூச்சி (இந்தப் புழுவோட தாய்ப்பூச்சி) எழும்பிப் பறக்குதா, அப்போ முட்டை வைக்குதுன்னு அர்த்தம், டிரைக்கோகிரம்மா அட்டை (ஒட்டுண்ணிக் குளவி வளர்ற முட்டைய ஒட்டுன அட்டை) கட்ட அதான் சரியான நேரம். ஏக்கருக்கு 2 சிசி அளவு அட்டை, நட்ட 37, 44, 51வது நாள்ல. அந்தக் குளவி முட்டையத்தான் அழிக்கும், புழு சுருட்டுனப்பறம் கட்டி பிரயோஜனம் இல்ல, அட்டை கட்டுன சமயத்துல வேற மருந்தும் அடிக்கக்கூடாது.

அளவு தாண்டிருச்சுன்னா முதல்ல வேப்பங்கொட்டைக் கரைசல், 5 கிலோ வேப்பம்பருப்ப இடிச்சு ராத்திரி முழுக்க ஊறவச்சு வடிகட்டி 100 லிட்டர் ஆக்கி, கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலம் அடிங்க. அதுலயும் அடங்கலன்னா வேளாண் அலுவலர கேட்டு மருந்து எடுங்க, சிந்தெடிக் பைரித்ராய்டு வகை பூச்சிமருந்து மட்டும் வேணவே வேணாம், பூச்சியத் திங்கிற சிலந்தியெல்லாம் செத்து புகையான் (தூருல சாறு உறிஞ்சுற பூச்சி) கிளம்பிடும்.

இன்னொண்ணு, யூரியாவ ஒரேயடியா கொட்டுன வயல்லயும் மர நிழல் விழுற மூலையிலயும்தான் இது முதல்ல வரும். பிரிச்சுப் பிரிச்சு போடுங்க, வரப்புப் புல்லையும் செதுக்கிடுங்க, பயிர் இல்லாதப்ப இந்தப் புழு புல்லுலதான் பொழைக்குது.