போட்டி மலருக்கு ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கால்பந்துப் போட்டி நடத்துபவர்கள் மலர் போடும்போது, அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பள்ளி மாணவர்களிடம் கேட்பதுண்டு. வந்து சேரும் குறிப்புகளில் பல கோப்பைகளின் பட்டியலாகத் தொடங்கி, ஓய்வு பெற்ற ஆண்டோடு நின்றுவிடுகின்றன. பிரான்சின் தடுப்பாட்டக்காரர் லிலியான் துராமை எடுத்துக்காட்டாக வைத்து, இதைவிட நன்றாக எழுதும் வழியைச் சொல்கிறேன். அவர் கதையில் பாதி, காலணியைக் கழற்றிய பிறகுதான் நடந்தது.

முதலில் பெயர். பிரெஞ்சு ஒலிப்புக்கு நெருக்கமாக எழுதினால் அது துராம். கைப்பேசியில் அவசரமாகத் தட்டினால் தூரம் ஆகிவிடும். நான் திருத்திய ஒரு படியில் பக்கம் முழுவதும் ‘தூரம்’ என்றே இருந்தது. அச்சுக்குப் போகும் முன் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

அடுத்து, இரண்டு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அன்றன்றைய வரவுசெலவைச் சிட்டையில் குறித்துவிட்டு, பிறகுதான் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றினார்கள். அதுபோல முதல் தாளில் ஆண்டுகளை மட்டும் குறியுங்கள்: 1972 பிறப்பு, 1981 பாரிஸ் வருகை, பிறகு அவர் ஆடிய கழகங்களான 1991 மொனாக்கோ, 1996 பார்மா, 2001 யுவென்டஸ், 2006 பார்சிலோனா, கடைசியாக 2008 ஓய்வு. இரண்டாம் தாளில் தாய், ஆட்டம், உடல்நிலை, பிற்காலப் பணி என்று தலைப்பிட்டு, தெரிந்ததை அதனதன் கீழ் சேருங்கள். கட்டுரை இரண்டாம் தாளிலிருந்து பிறக்க வேண்டும். முதல் தாள் சரிபார்க்க மட்டுமே.

இளமையைக் கடந்து ஓடாதீர்கள். துராம் பிறந்தது கரீபியக் கடலில் பிரான்சுக்கு உரிய குவாதலூப் தீவில். தாய் ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். முதலில் தாம் மட்டும் பாரிஸ் சென்று துப்புரவு வேலை பார்த்து, பிறகு பிள்ளைகளை வரவழைத்துக்கொண்டார். கடல் கடந்து வணிகம் செய்ய, அதாவது கொண்டுவிற்கப் போனவர்களின் கடிதங்களைப் பெட்டகத்தில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பை விளக்கத் தேவையில்லை. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறிச் சென்ற தீவும் இதுவே என்பதை ஒரு வரியில் சொல்லலாம். அதற்காகத் துராமை நம்மவர் ஆக்கிவிட வேண்டாம். அவர் நம்மவர் அல்லர்.

ஆட்டங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து விரித்து எழுதுங்கள். 1998 ஜூலை 8 அன்று குரோவாசியாவுடன் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியைவிடப் பொருத்தமானது கிடைக்காது. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய கையோடு குரோவாசியாவின் சூகர் கோல் அடித்தார். மற்ற தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறியபோது துராம் மட்டும் பின்தங்கி நின்றதால்தான் சூகருக்கு ஆஃப்சைடு (தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்று பந்தைப் பெறும் தவறு) ஆகவில்லை. அடுத்த நிமிடமே துராம் எதிரணியின் கோல் முன்னுள்ள பெட்டிக்கருகே குரோவாசியாவின் போபானிடமிருந்து பந்தைப் பறித்து, தம் அணியின் ஜோர்கயேஃப் திருப்பித் தந்ததை வலைக்குள் தள்ளினார். 70ஆம் நிமிடத்தில் இடக்காலால் இன்னொன்று அடித்தார். அடித்தபின் மண்டியிட்டு, உதட்டில் விரல் வைத்து, எதையோ யோசிப்பவர்போல இருந்தார். பிரான்ஸ் 2-1 என வென்று, இறுதியாட்டத்தில் கோப்பையையும் கைப்பற்றியது. நாட்டுக்காக 142 ஆட்டங்கள் ஆடிய துராம் அடித்த கோல்கள் இந்த இரண்டு மட்டுமே. தவறும் ஈடும் ஒரே நிமிட இடைவெளியில் நிகழ்ந்த இந்தக் காட்சி, 2000 ஐரோப்பியக் கோப்பையையும் பார்மா கழகம் வென்ற, ஐரோப்பியக் கழகங்களுக்கான 1999 யூஈஎஃப்ஏ கோப்பையையும் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ள உங்களுக்கு இடம் தருகிறது.

பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது பிற்காலத்துக்கு ஒதுக்குங்கள். 2008இல் இதயத்தில் குறை இருப்பது தெரியவந்ததால் அவர் ஆட்டத்தை விட்டார். பலர் பயிற்சியாளராகவோ தொலைக்காட்சி வருணனையாளராகவோ போகும் அந்த வயதில், இனவெறுப்புக்கு எதிராகக் கல்வி அளிக்கும் அறக்கட்டளை ஒன்றை அதே ஆண்டில் தொடங்கினார்; பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளோடு பேசினார். பிற இனத்தவரை விலங்குகளைப்போலக் காட்சிக்கு வைத்த காலத்தைப் பற்றி 2011இல் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்குத் தலைமைப் பொறுப்பேற்றார். ‘சமூக சேவை செய்தார்’ என்று எழுதி இதை முடிப்பது சோம்பல். ஒன்பது வயதில் பாரிஸ் வந்தபோதுதான் தம் நிறத்தைப் பிறர் சுட்டிக்காட்டினார்கள் என்று அவர் சொல்லிவருவதை இதோடு சேர்த்தால், இளமையும் பிற்காலமும் தாமாகவே இணைந்துவிடும்.

எண்களுக்கு ஆண்டு சேர்த்து எழுதுங்கள். 142 என்பது நெடுநாள் பிரான்ஸ் ஆண்கள் அணியில் ஒருவர் ஆடிய ஆட்டங்களின் அதிகபட்ச எண்ணிக்கையாக இருந்து, 2022இல் கோல்காப்பாளர் ஊகோ லோரிஸால் முறியடிக்கப்பட்டது. பழைய பக்கத்தைப் பார்த்து எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மார்கஸ், கெஃப்ரென் என்னும் இரு மகன்களும் பிரான்ஸ் அணிக்கு ஆடியவர்கள் என்பதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

எழுதி முடித்ததும், பந்தாட்டமே பார்க்காத அப்பத்தாவிடம் வீட்டு வளவில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர் இடைமறிக்கும் இடத்தில் இன்னும் ஒரு வாக்கியம் தேவைப்படும். பெரும்பாலும் அது அந்தத் தாயைப் பற்றிய கேள்வியாகத்தான் இருக்கும்.