முடிவு தெரிந்த புத்தகம் ஒன்று, தெரியாத புத்தகம் ஒன்று: மீண்டும் வாசிக்கத் தொடங்குவோருக்கு

பள்ளிக்கூடத்தோடு வாசிப்பையும் முடித்துக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். மறுபடி தொடங்க நினைக்கும்போது தடித்த நூலாகப் பார்த்து எடுக்கிறார்கள். நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆறு மாதமாக நான் கடைப்பிடிக்கும் முறை வேறு. ஒரு விளையாட்டு வரலாறு, அடுத்து ஒரு பழைய இளையோர் துப்பறியும் கதை என மாற்றி மாற்றிப் படிக்கிறேன். முதலாவதில் வென்றது யார் என்பது முன்பே தெரியும்; எப்படி வென்றார் என்று தேடிப் படிப்போம். அந்தப் பழக்கம் துப்பறியும் கதைக்குள் நுழையும்போது நன்றாகக் கைகொடுக்கிறது.

படி 1: பழைய புத்தகக் கடைக்கு நேரில் போங்கள்

பினாங்குவாசிகளுக்கு ஜார்ஜ்டவுன் சௌரஸ்தா சந்தையே போதும். கீழே ஜாதிக்காய் ஊறலும் காய்கறியும் விற்கும் கடைகள்; மாடியில் பழைய புத்தகக் கடைகள். அடுக்குகளை நீங்களே கலைத்துத் தேட வேண்டாம். என்ன வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள், எது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்யுங்கள். நான்சி என்ற இளம்பெண் துப்பறியும் ‘நான்சி ட்ரூ’ கதை வரிசை 1930இல் தொடங்கியது. 1959 முதல் அதன் பழைய கதைகளைச் சுருக்கித் திருத்தி வெளியிட்டார்கள். ஆகவே அட்டையில் ஒரே தலைப்பு இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு நூலாக இருக்கலாம். அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள்: பழையதில் 25, திருத்தியதில் 20. பழைய நான்சிக்கு வயது 16, திருத்திய நான்சிக்கு 18. பழைய பதிப்புகளில் கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் பகுதிகள் இருந்தன. திருத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். பெரியவர்களுக்கு நான் பழைய பதிப்பையே சொல்வேன், அந்தக் காலம் அதன் குறைகளோடு அப்படியே தெரிகிறது. பிள்ளைகளிடம் கொடுப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்டையில் இருக்கும் கேரலின் கீன் என்ற எழுத்தாளர் உலகில் இருந்ததே இல்லை. எட்வர்ட் ஸ்ட்ராட்மையர் தொடங்கிய நிறுவனம் கதைச் சுருக்கத்தைத் தரும். யாராவது ஒருவர் கூலிக்கு எழுதிக் கொடுப்பார். தொடக்க நூல்களை எழுதிய மில்ட்ரெட் வர்ட் பென்சனுக்கு ஒரு நூலுக்கு 125 டாலர் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. 1980இல் நடந்த ஒரு பதிப்பக வழக்கில் அவர் சாட்சி சொன்ன பிறகே அந்த உண்மை பரவலாகத் தெரியவந்தது. ஐம்பது ஆண்டு! அந்த அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

படி 2: விளையாட்டில் நம் ஊரிலிருந்து தொடங்குங்கள்

தெரிந்த தெருவும் தெரிந்த பெயரும் இருந்தால் பக்கங்கள் வேகமாக நகரும். பினாங்கில் பிறந்த எடி சூங், ஆல் இங்கிலாந்து பூப்பந்து ஒற்றையர் பட்டத்தை 1953, 1954, 1956, 1957 என நான்கு முறை வென்றவர். அதற்கும் முன்பு, 1949இல், ஆண்கள் அணிகளுக்கான பூப்பந்துப் போட்டியான தாமஸ் கோப்பையை, அது முதன்முறை நடந்தபோதே மலாயா வென்றது. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டென்மார்க்கை 8-1 என வீழ்த்தியது. ஓட்டப்பந்தயம் பிடிக்குமென்றால் டாக்டர் மணி ஜெகதீசன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த மலேசியத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை ஆள் வரவில்லை.

படி 3: அன்றைய நாளிதழைத் திறந்து பாருங்கள்

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் போன்றவை அதில் உண்டு. பெரும்பகுதியை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். ஆட்டக்காரர் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். புத்தகம் பல ஆண்டு கழித்து நிதானமாக எழுதப்பட்டது. நாளிதழ்ச் செய்தியோ ஆட்டம் முடிந்த சூட்டில் எழுதப்பட்டது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை ஒரு நோட்டில் குறியுங்கள்: யார் சொன்னது, எப்போது சொன்னது, எது வேறுபடுகிறது. இரண்டு மூன்று முறை செய்தாலே போதும், சாட்சி சொல்பவர் யார் என்று கேட்காமல் உங்களால் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க முடியாது.

படி 4: அந்த நோட்டோடு துப்பறியும் கதைக்குள் போங்கள்

தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் அடிக்கோடிட்டுவிட்டு மேலே போங்கள். அகராதியை அத்தியாயம் முடிந்த பிறகு எடுத்தால் போதும். பாதிச் சொற்களுக்கு அதற்குள் பொருள் விளங்கியிருக்கும்.

முக்கால் பங்கு முடிந்ததும் புத்தகத்தை மூடி, குற்றவாளி யார், ஏன் என்று மூன்று வரி எழுதுங்கள். தவறாகப் போனால் திரும்பிச் சென்று, எந்தக் குறிப்பைத் தவறவிட்டோம் என்று பாருங்கள்.

இந்தக் கதைகளில் ஒவ்வோர் அத்தியாயமும் ஆபத்தான இடத்தில்தான் முடியும், நம்மைத் தூங்கவிடக் கூடாது என்றே அப்படி எழுதியிருப்பார்கள். அதனால் இரவில் படிப்பவர்கள் அத்தியாயத்தின் நடுவில், அமைதியான பக்கத்தில் நிறுத்துங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் தீவுக்கு வேலைக்கு வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஒரு பயணத்துக்கு ஓர் அத்தியாயம் சரியாக இருக்கும்.

படி 5: வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்

“அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கிறது” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். எங்கே உட்கார்ந்து வானொலியில் கேட்டீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

1975 உலகக் கோப்பை ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக மலேசியா 2-1 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் அஸ்லாம் ஷேர் கான் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. பிறகு இறுதியில் பாகிஸ்தானையும் வென்று கோப்பையைக் கொண்டுபோனது. என் பெரியப்பாவிடம் அன்று யார் பக்கம் இருந்தீர்கள் என்று கேட்டேன். “இதில் என்ன கேள்வி? மலேசியாதான்” என்றார். பிறகு, வானொலிப் பெட்டி இருந்த மேசையிலிருந்து அன்றிரவு சாப்பிடாமல் எழுந்து போனவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தப் போட்டியைப் பற்றி நான் படித்த ஹாக்கி நூல் இப்போது அவரிடம் இருக்கிறது. அவர் திருப்பித் தரும்வரை எனக்குத் துப்பறியும் கதையின் முறை. பதினான்காம் அத்தியாயத்தில் இருக்கிறேன். தோட்டக்காரர் மேல் சந்தேகம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.