நாய் கை கொடுக்க, மூடிய கையே போதும்

நாயின் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். அதன் இரவு உணவிலிருந்தே நான்கைந்து துண்டுகளை எடுத்து, மூடிய கையை அதன் நெஞ்சுக்குக் கீழே நீட்டுங்கள். முகரும், நக்கும், கடைசியில் பாதத்தால் சுரண்டும். அந்த நொடியே "சரி" என்று சொல்லிக் கையைத் திறந்துவிடுங்கள். நாம் தூக்கினால் காலை இழுத்துக்கொள்ளும். தானே கண்டுபிடித்ததை ஆசையோடு திரும்பச் செய்யும். தனியாகத் தின்பண்டம் வாங்கும் செலவும் இல்லை. பாதம் தவறாமல் வரத் தொடங்கிய பிறகே "கை கொடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். வீட்டில் எல்லாரும் அதே சொல்லையே சொல்லுங்கள், பாவம், குழம்பிவிடும். வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி) வீட்டுத் தரை வழுக்கினால் பாய் விரித்து உட்கார வையுங்கள். மூட்டுவலி உள்ள வயதான நாய்க்கும், உணவுக்காகக் கையைக் கடிக்கும் நாய்க்கும் இந்த முறை வேண்டாம்.