திரைவாசிப்பானும் படிக்கும் தமிழ்ப் பக்கம்: முதன்முதலாக இணையப்பக்கம் அமைப்போருக்கு ஒரு செய்முறை

ஊர் நூலகம் ஒன்றிற்கு ஓர் இணையப்பக்கம் அமைக்கப்போவதாக வைத்துக்கொள்வோம். நூலகத்தின் பெயர், திறந்திருக்கும் நேரம், புதிதாக வந்த நூல்கள், உறுப்பினராகச் சேர்வதற்கான படிவம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். கண் தெரியாத ஒருவர் அதைக் காதால் கேட்டறிய வேண்டும். கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க இயலாதவர் விசைப்பலகையால் மட்டுமே இயக்க வேண்டும். சிற்றெழுத்து கண்ணுக்குத் தெரியாத முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். இம்மூவருக்கும் தனித்தனிப் பக்கங்கள் தேவையில்லை, ஒரே பக்கம் போதும் என்பதை இந்தச் செய்முறையில் காண்போம். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் சொற்கள், அடுத்துக் கட்டமைப்பு, அதன் பிறகே நிறமும் எழுத்துருவும். அலங்காரம் முடிந்த பக்கத்தில் அணுகல்தன்மையைப் பின்னர் ஒட்டுப்போட முயல்பவர்கள், ஏறத்தாழ முழுப் பக்கத்தையும் மீண்டும் எழுதுவதையே நான் பார்த்திருக்கிறேன்.

தேவையானவை மூன்று. நோட்பேட் போன்ற ஓர் எளிய எழுதுசெயலி, குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ., விண்டோஸ் கணினிகளில் கட்டணமின்றி இயங்குகிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல்தொகுப்பி தமிழையும் வாசிக்கும். அளவுகோலாக, இணையப்பக்கங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறைகளை வைத்துக்கொள்ளுங்கள். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999இல் இவற்றின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2008இல் இரண்டாம் பதிப்பும், 2023 அக்டோபரில் 2.2 பதிப்பும் வந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ எனக் கடுமை கூடிச்செல்லும் மூன்று நிலைகள் இதில் உள்ளன. பெரும்பாலான அரசு விதிகள் கேட்பது ஏஏ நிலையைத்தான். நூலகம் பொது நிறுவனம் என்பதால், இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இத்தகைய அணுகலை உரிமையாகவே கருதுகிறது என்பதையும் நினைவில் கொள்க.

படி 1: சொற்களை ஒருங்குறியில் எழுதுதல்

நிறம், படம் எதையும் எண்ணாமல், பக்கத்தில் வரவேண்டிய சொற்களை மட்டும் முதலில் எழுதி முடியுங்கள். வாக்கியங்கள் சுருக்கமாக இருக்கட்டும்; ‘கி.நூ.’ போன்ற சுருக்கக் குறிகளைத் திரைவாசிப்பான் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே ‘கிளை நூலகம்’ என்று விரித்தே எழுதுங்கள்.

எழுதியவை அனைத்தும் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் இருப்பது கட்டாயம். பழைய அறிக்கைகளும் அழைப்பிதழ்களும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அவற்றில் திரையில் தெரிவது தமிழே என்றாலும், கணினி உள்ளே சேமித்திருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த சொல்லைத் திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ’ என்றும் ஓர் அரைப்புள்ளி என்றுமே காணும். சில ஆண்டுகளுக்கு முன் நான் அமைத்துக் கொடுத்த ஒரு பக்கத்தில் இப்படிப்பட்ட பழைய பத்திகளை அப்படியே ஒட்டிவிட்டேன். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அதனைக் கேட்டுவிட்டு, “இது எந்த மொழி?” என்று வினவினார். அன்றிலிருந்து, எனக்கு வரும் எந்தக் கோப்பையும் எழுத்துரு மாற்றி வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, ஒருமுறை வாசித்துச் சரிபார்த்த பின்னரே பயன்படுத்துகிறேன். மாற்றிகள் ஒற்றெழுத்துகளிலும் எண்களிலும் பிழை விடக்கூடும் என்பதால் அந்த வாசிப்பைத் தவிர்க்க வேண்டாம்.

படி 2: எச்.டி.எம்.எல். கட்டமைப்பு

இது தலைப்பு, இது பத்தி என்று உலாவிக்குச் சொல்லும் எச்.டி.எம்.எல். குறிச்சொற்களை இப்போது சொற்களுக்குச் சேர்க்கலாம். முதல் வேலை, பக்கத்தின் மொழியை அறிவிப்பது. தொடக்கத்தில் வரும் எச்.டி.எம்.எல். குறிச்சொல்லில் ‘லாங்’ என்னும் பண்பைச் சேர்த்து, அதன் மதிப்பாகத் தமிழுக்குரிய ‘டிஏ’ என்ற இரண்டெழுத்துக் குறியை இடுங்கள். வார்ப்புருக்களை நகலெடுத்துத் தொடங்குவோரின் தமிழ்ப் பக்கங்களில் அந்த இடத்தில் ஆங்கிலத்துக்குரிய ‘ஈஎன்’ அப்படியே நின்றுவிடுவது மிகப் பரவலான பிழை. இந்த ஒரே சொல் தவறினால், திரைவாசிப்பான் தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைக்கும். அந்தக் குரல் எழுத்துகளைத் தாண்டிச் செல்லலாம், அல்லது விளங்காதபடி ஒலிக்கலாம். ஆங்கிலத் தலைப்புடைய நூல் ஒன்றைக் குறிப்பிடும்போது அந்தத் தலைப்புக்கு மட்டும் தனியே ‘ஈஎன்’ இட்டால், குரல் அங்கே மாறிப் பின் தமிழுக்குத் திரும்பும்.

அடுத்தது தலைப்புகள். நூலகத்தின் பெயருக்கு எச்1, நேரம், புதிய நூல்கள், உறுப்பினர் படிவம் ஆகிய பிரிவுகளுக்கு எச்2, அவற்றின் உட்பிரிவுகளுக்கு எச்3 என ஏணிப்படி போல இறங்குங்கள். எழுத்து பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக எச்2ஐத் தாண்டி எச்4க்குச் செல்வதும், வெறும் பத்தியைத் தடித்த எழுத்தாக்கித் தலைப்புப் போலக் காட்டுவதும் கூடாது. என்.வி.டி.ஏ. பயன்படுத்துவோர் எச் விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவியே பக்கத்தின் வடிவத்தை அறிந்துகொள்கிறார்கள். தலைப்பில்லாப் பக்கம் அவர்களுக்குப் பொருளடக்கமே இல்லாத ஆயிரம் பக்க நூலாகிவிடுகிறது. முதன்மைப் பகுதியை ‘மெயின்’ குறிச்சொல்லுக்குள்ளும், பட்டியலை ‘நேவ்’ குறிச்சொல்லுக்குள்ளும் வையுங்கள். நேர அட்டவணையில் நாள்களின் பெயர்களை வெறும் கட்டங்களாக அல்லாமல், தலைப்புக் கட்டங்களாக டிஎச் குறிச்சொல்லால் எழுதுங்கள்.

படி 3: படங்களும் சுவரொட்டிகளும்

ஒவ்வொரு படத்துக்கும் ‘ஆல்ட்’ பண்பில் மாற்றுரை எழுதவேண்டும். நூலின் அட்டைப்படம் என்றால் நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் போதும். வெறும் அழகுக்கான கொடிக்கோலம் என்றால் ஆல்ட் பண்பை வைத்து அதன் மதிப்பைக் காலியாக விடுங்கள். பண்பையே விட்டுவிட்டால் சில திரைவாசிப்பான்கள் படக் கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கும்.

நம் ஊர்களில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. புத்தகக் கண்காட்சி அறிவிப்பு முதல் விடுமுறைச் செய்தி வரை எல்லாவற்றையும் வண்ணச் சுவரொட்டியாக வடிவமைத்து, வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய அதே படத்தை இணையப்பக்கத்திலும் ஏற்றிவிடுகிறோம். நாள், நேரம், இடம், தொலைபேசி எண் அனைத்தும் படத்துக்குள் சிறைப்பட்டுவிடுகின்றன. பார்வையற்றவருக்கு அங்கே ஒரு படம் இருப்பது மட்டுமே தெரியும். கைபேசியில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு எழுத்துகள் மங்கிப்போகும். தேடுபொறிக்கும் அது எளிதில் அகப்படாது. சுவரொட்டியை விட்டுவிட மனமில்லையென்றால் இருக்கட்டும். அதன் கீழே அதே செய்தியை உரையாகவும் எழுதுங்கள். வருடிய பி.டி.எஃப். கோப்புகளுக்கும் இதுவே விதி. ஒருங்குறியில் செய்த பி.டி.எஃப். கோப்பிலும்கூட ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம்மாறித் தமிழ் குலைவது உண்டு என்பதால், முக்கியமான அறிவிப்பு எதையும் அதில் மட்டும் வைக்காதீர்கள்.

படி 4: இணைப்புகளும் பொத்தான்களும்

‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதாதீர்கள். திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் பட்டியலிட்டுக் கேட்பவருக்கு ‘இங்கே, இங்கே, இங்கே’ என்றுதான் ஒலிக்கும். ‘2025ஆம் ஆண்டு விடுமுறைப் பட்டியல்’ என்று இணைப்பே தன்னைச் சொல்லவேண்டும். வேறிடத்துக்கு அழைத்துச் செல்வது இணைப்பு. இருந்த இடத்திலேயே ஒரு செயலைச் செய்வது பொத்தான். பொத்தானை ‘பட்டன்’ குறிச்சொல்லால் எழுதினால் டேப் விசை அதை அடையும், என்டர் விசை அதை இயக்கும், திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்றே அறிவிக்கும். ‘டிவ்’ குறிச்சொல்லை நிறம் பூசிப் பொத்தானாக்கினால் இவை மூன்றையும் நாமே எழுதவேண்டியிருக்கும். திரைவாசிப்பானுக்குத் தகவல் தரும் ஏரியா என்னும் கூடுதல் பண்புகளைப் பற்றி விரைவில் கேள்விப்படுவீர்கள், எச்.டி.எம்.எல்.லில் உரிய குறிச்சொல் இருக்கும்வரை அவற்றைத் தொடாதிருப்பதே அவற்றின் முதல் விதி.

படி 5: உறுப்பினர் படிவம்

ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘லேபிள்’ குறிச்சொல்லால் பெயரிட்டு, ‘ஃபார்’ பண்பால் அதனைக் கட்டத்தோடு இணையுங்கள். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் மாதிரி எழுத்து பெயருக்கு ஈடாகாது. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், பாதியில் நிறுத்தியவர் எதை நிரப்பிக்கொண்டிருந்தோம் என்பதை மறந்துபோவார்.

பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டாயக் கட்டங்களை வைக்கும் படிவம், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே இட்டு எழுதும் நம் வழக்கத்தை ஏற்பதில்லை. பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று சோதிக்கும் நிரல்களையும் கவனியுங்கள். ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறிகளும் ‘எழுத்து’ வகையில் சேராமல் ‘குறி’ வகையில் சேர்கின்றன. ஆகவே அந்தச் சோதனை பெரும்பாலான தமிழ்ப் பெயர்களைப் பிழை என்று திருப்பியனுப்பும். நீளக் கட்டுப்பாட்டிலும் இதே சிக்கல்: ‘நூலகம்’ என்பது நமக்கு நான்கெழுத்து, கணினிக்கு ஆறு. எனவே வரம்பைத் தாராளமாக வையுங்கள்.

பிழை நேர்ந்தால் கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு நிற்காமல், ‘கைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் இருக்கவேண்டும்’ என்று கட்டத்தின் அருகிலேயே எழுதுங்கள். நிறம் பிரித்தறிய இயலாதவருக்குச் சிவப்பு எதையும் சொல்வதில்லை.

படி 6: தோற்றம்

நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். இந்த இடத்தில்தான் வருகிறது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன. பத்தி எழுத்தை 18 பிக்சலில் தொடங்குங்கள். தமிழில் மேலே சுழியும் கீழே வாலும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் ‘கீ’யின் தலையை மேல்வரியிலுள்ள ‘நூ’வின் கால் இடிக்கும், எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வரி உயரம் எனக்கு நிறைவாக இருந்துள்ளது. சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை. உலாவி செயற்கையாகச் சாய்க்கும் எழுத்து படிக்கக் கடினமாக இருப்பதால் அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தையே பயன்படுத்துங்கள்.

நிற வேறுபாட்டைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இணைய அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கும்போது தொடர்ந்து முதலிடம் பிடிக்கும் குறை மங்கலான எழுத்துதான். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதம் வேண்டும். பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் கருப்பு 21க்கு 1 தருகிறது. 767676 என்ற நிறக்குறியீட்டுக்குரிய சாம்பல் நிறம் மயிரிழையில் தேறும், அதற்கு அடுத்த 777777 தோற்கும். அறிவிப்புகளில் நாம் விரும்பும் தூய சிவப்பும் வெள்ளையின்மேல் ஏறத்தாழ 4க்கு 1தான். சற்றே அடர்த்தியான சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். வெப்எய்ம் தளத்திலுள்ள நிற ஒப்பீட்டுக் கருவி இந்தக் கணக்கை நொடியில் போட்டுத்தரும்.

டேப் விசையால் நகரும்போது பொத்தானைச் சுற்றித் தோன்றும் கோட்டை, அழகைக் கெடுப்பதாக எண்ணி ‘அவுட்லைன் நன்’ என்று நீக்கிவிடுகிறார்கள். விசைப்பலகை மட்டுமே கொண்டவருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும் ஒரே அடையாளம் அது. பிடிக்கவில்லையென்றால் அதனினும் தெளிவான வேறொரு கோட்டை வரையுங்கள். பொத்தான்கள் 24 பிக்சலுக்குக் குறையாத அகலமும் உயரமும் பெறட்டும். விரலுக்கு 44 இன்னும் வசதி.

படி 7: சோதித்தல்

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், என்டர், இடைவெளி விசைகளால் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். பிறகு உலாவியில் பக்கத்தை 400 விழுக்காடு வரை பெரிதாக்குங்கள். நீளமான தமிழ்ச் சொற்கள் இங்கேதான் திரையைத் தாண்டி ஓடும்; ‘ஓவர்ஃப்ளோ ராப்’ என்னும் பண்பு அவற்றை மடித்துத் தரும். அடுத்து, பக்கத்தின் குறைகளைத் தானாகத் தேடும் கருவிகளான குரோமில் உள்ள லைட்ஹவுஸையும் வெப்எய்மின் வேவையும் ஓட்டுங்கள். மாற்றுரை இருக்கிறதா என்பதை அவை சொல்லும். அது பொருத்தமானதா என்பதைச் சொல்ல அவற்றால் இயலாது. லைட்ஹவுஸ் 100 மதிப்பெண் தந்த பக்கமும் விளங்காமல் இருக்கலாம். பின்னர் என்.வி.டி.ஏ.வை இயக்கித் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இன்சர்ட் விசையோடு எஃப்7ஐ அழுத்தினால் இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வரும்.

இவையெல்லாம் முடிந்தபின், திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, அவர் நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுத்து, மூன்று வேலைகளை மட்டும் சொல்லுங்கள்: ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்குமா என்று கண்டறிதல், புதிய நூல் ஒன்றின் ஆசிரியரைச் சொல்லுதல், உறுப்பினர் படிவத்தை அனுப்புதல். அருகில் அமர்ந்து, உதவி செய்யாமல், அவர் எங்கே தயங்குகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குறித்தவற்றைத் திருத்திய பிறகு பக்கத்தை வெளியிடலாம். வெளியிடும்போது, படிக்க இயலாத இடத்தைத் தெரிவிப்பதற்கான தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பக்கத்தின் அடியில் உரையாகவே எழுதி, அந்த எண்ணை எடுப்பவர் யார் என்பதை நூலகத்தில் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.