சின்னம்மை வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்கு யார் புதிதாக வந்தாலும் சின்னம்மை வைரஸ் விஷயத்தில் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது போன்றவை தானாகச் சரியாகிவிடும். மாதக்கணக்கில் வேலையைக் கெடுப்பவை வேறு.

மேல்திரவத்தில் வைரஸைத் தேடுவது

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற உறவு வைரஸில் பழகிய கை, செல்களுக்கு மேலே நிற்கும் வளர்ப்புத் திரவத்தில்தான் முதலில் தேடும். சின்னம்மை வைரஸ் வளர்ப்புச் செல்களிலிருந்து வெளியே வருவது அபூர்வம். ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கே தாவும். ஆகவே தொற்றிய செல்களையே டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியால் பிரித்து, உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10% சேர்த்து திரவ நைட்ரஜனில் வையுங்கள். ஆனால் மேற்பரப்புப் புரதத்தை அளக்கும் நாளில் டிரிப்சின் கூடாது. அளக்க வேண்டியதையே அது வெட்டித் தின்றுவிடும். கால்சியத்தைப் பிடித்துச் செல்களைப் பிரிக்கும் இடிடிஏ போதும்.

உள்ளே இருப்பதை மேற்பரப்பு என்று சொல்வது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. செல்களை மெத்தனாலில் போட்டோ, டிரைட்டன் என்ற சோப்புப் பொருளை ஊற்றியோ சவ்வைத் துளைத்துவிட்டு, வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஜிஇயைப் பிடித்து ஒளிரும் ஆன்டிபாடி போட்டு, பளபளவென்று ஒரு படத்தைக் கொண்டுவந்து "மேற்பரப்பில் ஏராளம்" என்பார்கள். அந்த ஒளியில் பெரும்பங்கு நியூக்ளியஸை ஒட்டிய கோல்ஜியில், அதாவது புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் உறுப்பில் இருக்கும்.

வைரஸின் கிளைக்கோபுரதங்களில் (சர்க்கரை ஏறிய புரதங்களில்) மிக அதிகமாக உண்டாவது ஜிஇ. செல்லின் புரத உற்பத்திக் கூடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் உருவாகி, ஜிஐ என்ற இன்னொரு கிளைக்கோபுரதத்துடன் ஜோடி சேர்ந்து, கோல்ஜி வழியாக செல்சவ்வுக்கு வருகிறது. வந்தது அங்கேயே தங்குவதில்லை. அதன் வாலில் உள்ள ஒய்ஏஜிஎல் என்ற நான்கு அமினோ அமில வரிசை அதை மறுபடி உள்ளே இழுக்கும். இன்னொரு வரிசையான ஏஒய்ஆர்வி, வைரஸ் உறை போர்த்திக்கொள்ளும் டிரான்ஸ்-கோல்ஜி வலைக்கு அனுப்பும். ஒரே நேரத்தில் ஒரே புரதம் மூன்று இடங்களில் இருக்கிறது. எந்த இடத்தை அளந்தோம் என்று தெரியாத எண்ணால் என்ன பயன்?

சரியான வழி: உயிருள்ள செல்களைப் பனிக்கட்டி மேல் வைத்து, 4 டிகிரியில் ஆன்டிபாடி கொடுத்து, குளிர்ந்த திரவத்தில் கழுவி, அதன் பிறகே 4% பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்துங்கள். 37 டிகிரியில் செய்தால் ஆன்டிபாடியும் ஜிஇயோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அப்போதும் படம் பொய்தான். கூடவே ஐஇ62 போன்ற உட்புற வைரஸ் புரதத்துக்கான ஆன்டிபாடியை அதே தட்டில் தனிக் கிணறு (தட்டின் சிறு குழி) ஒன்றில் போடுங்கள். அது ஒளிர்ந்தால் சவ்வு ஓட்டையாகிவிட்டது, அந்தத் தட்டையே தூக்கிப் போடலாம். இந்த ஒரு கிணற்றை மிச்சம்பிடித்துத்தான் பலர் முழுச் சோதனையையும் இழக்கிறார்கள்.

ஜிஹெச்சைத் தனியாக உண்டாக்குவது

ஜிஹெச், ஜிஎல் இரண்டும் வைரஸின் வேறு கிளைக்கோபுரதங்கள். ஜிஎல் துணை இல்லாவிட்டால் ஜிஹெச் முதிராது. இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

ஜெல்லில் ஒரே பட்டையை எதிர்பார்ப்பது

623 அமினோ அமிலம் என்று கணக்குப் போட்டு, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் சுமார் 70 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் ஜிஇயைத் தேடுவார்கள். சர்க்கரைகள் ஏறிய முதிர்ந்த ஜிஇ 95க்கு மேல்தான் நிற்கும். கீழே தெரிவது முதிராத வடிவம். சர்க்கரைகளை வெட்டும் எண்டோ-ஹெச் நொதி போட்டுப் பாருங்கள்: கோல்ஜியைத் தாண்டாதது சரசரவென்று கீழிறங்கும், தாண்டியது பெரும்பாலும் அசையாது. ஜிபி என்ற இன்னொரு கிளைக்கோபுரதத்தில் வேறு குழப்பம். ஃபியூரின் நொதி அதை இரண்டாக வெட்டுவதால், மாதிரியில் அந்த இரண்டையும் கோத்து வைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைத்தீர்களா என்பதைப் பொறுத்துப் பட்டை மாறும்.

ஜிஎம்மைக் கொதிக்கவைப்பது

வேண்டாம். பலமுறை சவ்வைக் கடக்கும் புரதம் இது. கொதித்தால் கட்டியாகி ஜெல்லின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

மனித சீரத்தை நம்புவது

ஜிஇ, மனித ஆன்டிபாடியான ஐஜிஜியின் எஃப்சி எனப்படும் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும். சின்னம்மையே வராதவரின் சீரம்கூடத் தொற்றிய செல்லில் ஒளிரும். எஃப்சி நீக்கிய ஆன்டிபாடித் துண்டு வாங்குங்கள். மனிதத் திசுவில் வேலை செய்தால் இன்னொரு தொல்லை: சில எலி, முயல் ஆன்டிபாடிகளில் ஏ ரத்தவகைப் பொருளோடு ஒட்டும் கலப்படம் உண்டு. ஏ வகைக்காரரின் நரம்பு முடிச்சில் அது கோல்ஜி வடிவில் ஒளிர்ந்து, வைரஸ் புரதம் போலவே காட்டும். திசு கொடுத்தவரின் ரத்தவகையை முதலில் கேளுங்கள்.